இல்லையெனில் “சரி”: ஒரு பல்கிளை நிபந்தனைக் கோவையின் நிகழ்வு ஆய்வு

தடுப்பூசிக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் எங்கள் நிரலில், ஒரு பெட்டியின் சென்சார் கம்பி மாலையில் கழன்றுவிட்ட பிறகும், மறுநாள் காலை வரை கண்காணிப்புத் திரை அப்பெட்டிக்கு நேரே “சரி” என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதே பெட்டிக்குள் தனியாக வைத்திருந்த பதிவுக் கருவி, வெப்பநிலை இரவு முழுவதும் எல்லைக்குள்ளேயே இருந்ததைக் காட்டியதால் மருந்து எதுவும் வீணாகவில்லை. ஆனால் திரை சொன்னது உண்மையாக அமைந்தது தற்செயலே. அளவே வராத ஒரு பெட்டியைப் பற்றி நிரல் அவ்வளவு உறுதியாகப் பேசியது எப்படி என்று தேடியதில், பிழை சென்சாரிலோ வலையமைப்பிலோ இல்லை, நான்கு கிளைகள் கொண்ட ஒரு நிபந்தனை அமைப்பின் கடைசி வரியில் இருந்தது என்று தெரிந்தது. அந்த வரியும், அதைத் திருத்தப் போய் நாங்கள் செய்த புதிய பிழைகளும், இறுதியில் நிலைத்த வடிவமும்தான் இவ்வாய்வின் பொருள்.

முதலில் விதிகள். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கப்பட வேண்டும். வெப்பம் மருந்தின் வீரியத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறது. உறைதலோ, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளை ஒரே முறையில் கெடுத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டினால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்ற 30 நாள் பதிவுக் கருவிகள், 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் வெப்ப எச்சரிக்கையும், −0.5 டிகிரி அல்லது அதற்குக் கீழே 60 நிமிடம் இருந்தால் உறைவு எச்சரிக்கையும் தருகின்றன. எங்கள் நிரல் கால அளவைத் தனியே கணக்கிட்டது. ஒவ்வொரு அளவீட்டையும் உடனுக்குடன் வகைப்படுத்துவதுதான் நாம் பார்க்கவிருக்கும் பகுதியின் வேலை. அது இப்படி இருந்தது:

    அளவு > 8 எனில் → “வெப்ப மிகை”
    அளவு < 2 எனில் → “குளிர் மிகை”
    அளவு ≤ −0.5 எனில் → “உறைநிலை”
    இல்லையெனில் → “சரி”

மேலோட்டமாகப் படிக்கிறவருக்கு இதில் குறையேதும் தெரியாது. எங்களுக்கும் பல மாதங்கள் தெரியவில்லை.

கம்பி கழன்ற இரவில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்சாரைப் படிக்கும் நூலகம் (ஆயத்த நிரல்தொகுப்பு), இணைப்பு இல்லாதபோது −127 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. டிஎஸ்18பி20 வகைச் சென்சார்களுக்குப் பரவலாகப் பயன்படும் நூலகத்தின் வழக்கம் அது. அந்த எண்ணை அப்படியே விட்டிருந்தால் “குளிர் மிகை” என்ற தவறான, ஆனால் ஆளை எழுப்பக்கூடிய எச்சரிக்கையாவது வந்திருக்கும். பெறும் நிரலை எழுதியவர் கவனமுள்ளவர்; −127 வெப்பநிலை அல்ல என்று அறிந்து, அதை “எண் அல்ல” என்னும் சிறப்பு மதிப்பாக மாற்றிவிட்டார். மிதவைப்புள்ளி எண்களுக்கான (கணினியில் தசமப் பின்ன எண்களைக் குறிக்கும் முறைக்கான) ஐஇஇஇ 754 தரம் 1985 முதல் வகுத்திருக்கும் விதிப்படி, “எண் அல்ல” என்பதை எதனோடு பெரிது சிறிது ஒப்பிட்டாலும் விடை பொய்யே. 8-ஐ விடப் பெரிதா? இல்லை. 2-ஐ விடச் சிறிதா? இல்லை. −0.5-க்குக் கீழா? அதுவும் இல்லை. எனவே மூன்று கதவுகளிலும் திருப்பி அனுப்பப்பட்டு, நான்காம் கதவில் நுழைந்து, “சரி” என்ற முத்திரையைப் பெற்றுக்கொண்டு அது வெளியே வந்தது.

இரண்டாவது சாட்சியும் அதையே சொன்னதுதான் எங்களை அதிகம் ஏமாற்றியது. காலை அறிக்கை, திரையைச் சாராமல், தரவுத்தளத்தில் உள்ள மூல அளவுகளிலிருந்து எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள வினவல் மொழியின் கேஸ் கோவை (நிபந்தனைகளைச் சோதித்து ஒரு மதிப்பைத் தரும் அமைப்பு) மூலம் நிலையைத் தானே கணக்கிட்டது. அங்கே விடுபட்ட அளவு “நல்” என்னும் வெற்று மதிப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தது. எஸ்கியூஎல்லில் உண்மை, பொய் ஆகியவற்றோடு “தெரியாது” என்ற மூன்றாம் விடையும் உண்டு. வெற்று மதிப்பை 8-உடன் ஒப்பிட்டால் கிடைப்பது அந்த மூன்றாம் விடைதான். ஆனால் கேஸ் கோவை ஒரு கிளைக்குள் நுழைய உண்மை என்ற விடை ஒன்றையே ஏற்கும். “தெரியாது” என்பதும் அங்கே “இல்லை” என்றே எண்ணப்படும். ஆகவே வேறொரு மொழியில், வேறொரு காரணத்தால், அதே கடைசிக் கிளை, அதே “சரி”. திரையும் அறிக்கையும் ஒத்துப்போனதைக் கண்டு, இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டோம். இரண்டும் ஒரே வார்ப்பில் எழுதப்பட்டவை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. (தமிழில் எழுதும்போது அந்த வெற்று மதிப்பின் பெயர் “நல்” என்றே அமைந்துவிடுகிறது. எங்கள் நிரலும் அதை நல்லது என்றே பொருள் கொண்டதைச் சொல்லி அலுவலகத்தில் சில நாட்கள் சிரித்தார்கள்.)

அடிப்படைத் தவறு இதுதான்: “சரி” என்பது நாங்கள் எங்கும் சோதித்து அறிந்த நிலையாக இல்லை, மற்றவை எதுவும் இல்லாதபோது எஞ்சும் நிலையாக இருந்தது. இல்லையெனில் என்ற கிளைக்கு நிபந்தனை கிடையாது. அதனால் அதற்குள் வருபவை, எழுதியவர் மனத்தில் நினைத்தவை மட்டுமல்ல, நினைக்க மறந்தவை அனைத்தும்கூட. மறந்தவற்றுக்கெல்லாம் நற்சான்றிதழ் தரும் இடத்தில் “சரி” என்ற சொல்லை வைத்தது வடிவமைப்புப் பிழையே அன்றி, தட்டச்சுப் பிழை அல்ல.

வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தபோது, நாங்கள் தேடி வராத இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாம் கிளை ஒருபோதும் இயங்காது. −0.5 அல்லது அதற்குக் கீழான எந்த எண்ணும் 2-ஐ விடச் சிறியதே. எனவே அது இரண்டாம் கிளையிலேயே நின்றுவிடும். மேலிருந்து கீழாகச் சோதித்து, முதலில் உண்மையாகும் கிளையையே எடுத்துக்கொள்வதுதான் இத்தகைய கோவைகளின் பொது நியதி. ஆக, நிரல் வெளியிடப்பட்ட நாள் முதல் எங்கள் திரையில் “உறைநிலை” என்ற சொல் ஒருமுறைகூடத் தோன்றியிருக்க வழியில்லை. மருந்தை ஒரே முறையில் கெடுக்கும் நிலைக்கான எச்சரிக்கைதான் அப்படிப் புதைந்து கிடந்தது. சோதனை செய்யாமலும் இல்லை. −3 என்ற மதிப்பைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். “குளிர் மிகை” என்று வந்தது. குளிர்தானே, பொருத்தமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதி சரியான விடை, முழுத் தவறான விடையை விட நீண்ட காலம் ஒளிந்திருக்கும்.

இதைக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சொல்லியிருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். ரஸ்ட், ஓகேமல் போன்ற மொழிகளின் மேட்ச் அமைப்பு, ஒரு வகையின் எல்லா வடிவங்களும் கையாளப்பட்டுள்ளனவா, எட்ட முடியாத கிளை உண்டா என்று பார்த்துச் சொல்வது உண்மை. ஆனால் அந்தச் சோதனை வடிவங்களுக்கானது. “2-ஐ விடச் சிறியது” போன்ற தன்னிச்சையான நிபந்தனைகள் ஒன்றையொன்று விழுங்குகின்றனவா என்பதை அவை பொதுவாக ஆராய்வதில்லை. எண் எல்லைகளை வைத்துக் கிளை பிரிக்கும் இடத்தில் பொறுப்பு எழுதுகிறவரிடமே இருக்கிறது.

முதல் திருத்தம் பிழையைக் குறைக்கவில்லை, கூட்டியது. எல்லாவற்றுக்கும் காரணம் இல்லையெனில்தான் என்று முடிவு செய்த சக நிரலாளர் ஒருவர், அதை நீக்கிவிட்டு, “அளவு 2-க்குக் குறையாமலும் 8-க்கு மிகாமலும் இருந்தால் சரி” என்ற வெளிப்படையான கிளையை எழுதினார். எண்ணம் சரியானது. ஆனால் நேரலை நிரலில் அந்த அமைப்பு ஒரு மதிப்பைத் தரும் கோவையாக இல்லை, ஒரு செயலை மட்டும் செய்யும் கூற்றாக இருந்தது: ஒவ்வொரு கிளையும் “நிலை” என்ற மாறிக்கு ஒரு மதிப்பை இட்டது, அந்த மாறியோ பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்கு வெளியே அறிவிக்கப்பட்டிருந்தது. அளவு வராத பெட்டிக்கு எந்தக் கிளையும் பொருந்தாததால் மாறியை யாரும் தொடவில்லை. முந்தைய பெட்டிக்கு இட்ட மதிப்பே அதில் தங்கி, இந்தப் பெட்டியின் நிலையாகத் திரைக்குப் போனது. இரண்டு பெட்டிகள் எப்போதும் சேர்ந்தே சூடாகி, சேர்ந்தே குளிர்வதைக் கண்டு மறுநாள் ஒருவர் ஐயப்பட்டபோதுதான் இது பிடிபட்டது.

அதே திருத்தம் எஸ்கியூஎல் அறிக்கையில் வேறு விதமாக விளைந்தது. அங்கே கேஸ் ஒரு கோவை; அது ஏதேனும் ஒரு மதிப்பைத் தந்தே ஆக வேண்டும். எந்தக் கிளையும் பொருந்தாமல், எல்ஸும் (இல்லையெனில் கிளையும்) எழுதப்படாமல் இருந்தால் அது தரும் மதிப்பு “நல்”. அறிக்கையோ “சரி” அல்லாத நிலைகளை மட்டும் வடிகட்டிக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. வெற்று மதிப்பு “சரி”க்குச் சமம் அல்ல என்பதும் “தெரியாது” என்றே முடியுமாதலால், அந்த வரி வடிகட்டியைத் தாண்டாமல் அறிக்கைக்கு வெளியே நின்றது. முன்பு “சரி” என்ற தவறான நிலையால் பட்டியலில் சேராத பெட்டி, இப்போது நிலையே இல்லாததால் பட்டியலில் சேரவில்லை.

கூற்றுக்கும் கோவைக்கும் உள்ள வேறுபாடு பாடநூலில் படிக்கும்போது வெறும் வடிவ வேறுபாடாகத் தோன்றும். இங்கே அது செயலில் தெரிந்தது. கூற்றாக எழுதிய பல்கிளை அமைப்பில் ஒரு வழி விடுபட்டால் நிரல் எதுவும் செய்யாமல் கடந்து போகும். அந்த மௌனத்தைப் பழைய மதிப்பு நிரப்பிக்கொள்ளும். கோவையாக எழுதினால் எல்லா வழியிலும் ஒரு மதிப்பு வேண்டும் என்ற கேள்வி எழுதும்போதே எழுகிறது. ஜாவா 2020-இல், 14-ஆம் பதிப்பில், ஸ்விட்ச் என்னும் பல்கிளை அமைப்பைக் கோவையாகவும் எழுதலாம் என்று நிலையான வசதியாக ஆக்கியபோது, எல்லா வழிகளும் அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் அதனுடன் சேர்த்தது. அதே ஆண்டு வந்த பிஎச்பி 8-இன் மேட்ச் கோவை, எதுவும் பொருந்தாவிட்டால் பிழை எழுப்புகிறது. எஸ்கியூஎல்லின் கேஸ் மட்டும் வாய் திறக்காமல் வெற்று மதிப்பைக் கையில் கொடுக்கிறது. அது கோவைதான் என்றாலும், எல்ஸ் இல்லாத கேஸை எங்கள் குழுவில் இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்கள் நேரலை நிரல்மொழியில் இருவழிக் கோவை மட்டுமே உண்டு. பல்கிளைக் கோவை இல்லை. அந்தக் குறையை நிரப்ப ஒருவர் “தேர்வு” என்ற செயற்கூற்றை (உள்ளீடுகளைப் பெற்று ஒரு மதிப்பைத் திருப்பும் நிரல் பகுதியை) எழுதினார்: நிபந்தனையும் மதிப்புமாக இணைகளைக் கொடுத்தால், முதலில் உண்மையாகும் நிபந்தனையின் மதிப்பைத் திருப்பித் தரும். படிப்பதற்கு மிக அழகாக இருந்தது. ஆனால் ஒரு கிளையில், கடைசி ஒரு மணி நேர அளவுகளின் சராசரியைச் செய்தியோடு சேர்த்திருந்தார். அளவே வராத பெட்டிக்கு அந்தப் பட்டியல் காலி; காலிப் பட்டியலின் சராசரி என்றால் சுழியால் வகுத்தல். அந்தக் கிளை தேர்ந்தெடுக்கப்படவே இல்லை, இருந்தும் நிரல் முறிந்தது. செயற்கூற்றை அழைக்கும் முன் அதன் எல்லா உள்ளீடுகளும் கணக்கிடப்பட்டுவிடும் என்பதே காரணம்.

இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களில் நாங்கள் முதல்வர்கள் அல்ல என்பது சற்று ஆறுதல். லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி, 1957–58-இல் எம்ஐடியில் ஐபிஎம் 704 கணினிக்காகச் சதுரங்க நகர்வு நிரல்களை ஃபோர்ட்ரானில் எழுதினார். அன்றைய ஃபோர்ட்ரானின் இஃப் கூற்று கையாளக் கடினமாக இருந்ததால், எக்ஸ்இஃப் என்ற செயற்கூற்றை உருவாக்கிக்கொண்டார். அது நிரல்களைச் சுருக்கியது, புரிந்துகொள்ள எளிதாக்கியது. ஆனால் இரு மதிப்புகளில் ஒன்றே தேவைப்பட்டாலும் மூன்று உள்ளீடுகளும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டதால், அதைச் சிக்கனமாகவே பயன்படுத்த முடிந்தது. தேவைப்படும் கிளையை மட்டும் கணக்கிடும் உண்மையான நிபந்தனைக் கோவை அந்த இடரிலிருந்துதான் பிறந்தது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். 1960-இல் வெளிவந்த அவருடைய லிஸ்ப் கட்டுரையில், நிபந்தனையும் மதிப்புமான இணைகளை வரிசையாக அடுக்கும் பல்கிளை வடிவமாகவே அது வருகிறது. ஆகவே நிபந்தனைக் கோவையைச் சாதாரணச் செயற்கூறாக எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் மொழி எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடுவதா, தேவைப்படும்போது கணக்கிடுவதா என்பதை முதலில் கேட்பது நல்லது.

(எஸ்கியூஎல்லிலும் இதன் நிழல் உண்டு. கேஸின் கிளைகள் தேவைக்கேற்பத்தான் கணக்கிடப்படும் என்று நம்பி, ஒரு கிளைக்குள் தொகுப்புச் சராசரி போன்ற ஒன்றை வைத்தால், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் அத்தொகுப்பைக் கேஸுக்கு முன்பே கணக்கிட்டுவிடும். காவல் நிபந்தனை காவாது.)

இருவழிக் கோவைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம் என்ற யோசனையையும் கைவிட்டோம். பல மொழிகளில் அது சரியாகவே இயங்கும். ஆனால் பிஎச்பியில் அந்தக் கோவைக்கான “? :” குறி நெடுங்காலம் இடமிருந்து சேர்ந்ததால் (இடப்பக்க இணை முதலில் கணக்கிடப்பட்டதால்), அடைப்புக்குறி இல்லாத அடுக்கு எழுதியவர் நினைத்ததற்கு மாறான விடையைத் தந்துவந்தது, 7.4-ஆம் பதிப்பு அதை எச்சரித்தது, 8.0 பிழையாகவே ஆக்கியது. மொழி எதுவானாலும் ஆறு கிளைகளை அப்படி அடுக்கினால் படிக்கிறவர் கண் தடுமாறும். இறுதியில், வகைப்படுத்தலை மட்டும் செய்யும் தனிச் செயற்கூறு ஒன்றை எழுதி, ஒவ்வொரு கிளையிலும் உடனடியாக மதிப்பைத் திருப்பினோம். இடையில் மாற்றத்தக்க மாறி இல்லை. பழைய மதிப்பு தங்க இடமும் இல்லை:

    அளவு கிடைக்கவில்லை எனில் → “அளவு இல்லை”
    அளவு < −55 அல்லது அளவு > 125 எனில் → “சென்சார் ஐயம்”
    அளவு = 85 எனில் → “சென்சார் ஐயம்”
    அளவு ≤ −0.5 எனில் → “உறைநிலை”
    அளவு < 2 எனில் → “குளிர் மிகை”
    அளவு > 8 எனில் → “வெப்ப மிகை”
    அளவு ≥ 2 மற்றும் அளவு ≤ 8 எனில் → “சரி”
    இல்லையெனில் → “வகைப்படாதது”

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. −55 முதல் 125 வரை என்பது அந்தச் சென்சார் அளக்கக்கூடிய எல்லை. 85 என்ற தனி எண் விந்தையாகத் தோன்றும். மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடியும் முன், டிஎஸ்18பி20 தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு 85 டிகிரி. எல்லைச் சோதனை அதைப் பிடிக்காது, ஏனெனில் 85 எல்லைக்குள்ளேயே இருக்கிறது. குளிர்பெட்டி ஒன்று உண்மையில் சரியாக 85 டிகிரியை எட்டினால் நாங்கள் கவலைப்பட வேண்டியது மருந்தைப் பற்றி அல்ல.

“சரி”க்கான கிளையை ஏன் கணிதத்தில் எழுதுவதுபோல் 2 ≤ அளவு ≤ 8 என்று எழுதவில்லை என்றும் கேட்கப்பட்டது. பைத்தானில் அது கணிதப் பொருளிலேயே இயங்கும். சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் முதல் பாதி உண்மையா பொய்யா என்று கணக்கிடப்பட்டு, அது 1 அல்லது 0 ஆகி, பிறகு 8-உடன் ஒப்பிடப்படும். ஒன்றும் சுழியும் எப்போதும் 8-ஐ விடச் சிறியவையே. “எண் அல்ல” வந்தாலும் விடை உண்மை. முதல் திருத்தத்தை யாராவது அப்படி எழுதியிருந்தால், எந்தப் பிழையைத் துரத்தி வந்தோமோ அதே பிழை வேறு உடையில் திரும்பியிருக்கும்.

கடைசிக் கிளையைப் பற்றித்தான் அதிகம் வாதிட்டோம். மேலே உள்ள ஏழு கிளைகளும் எல்லா எண்களையும் எல்லா விடுபடல்களையும் அடக்கிவிடுகின்றன. பிறகு இல்லையெனில் எதற்கு? கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் முன்வைத்த காவல் கட்டளைகளில் (காவல் என்னும் நிபந்தனை உண்மையானால் மட்டும் இயங்கும் கட்டளைகளில்), எந்தக் காவலும் உண்மையாகாவிட்டால் நிரல் முறிந்து நிற்க வேண்டும். வரிசை என்பதே அங்கே பொருளற்றது, ஒன்றுக்கு மேல் உண்மையானால் எதையும் எடுக்கலாம். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஒரு பயிற்சியாக எங்கள் கிளைகளை வரிசை மாறினாலும் விடை மாறாதபடி எழுதிப் பார்த்தோம். ஒவ்வோர் எல்லையும் இருமுறை எழுதப்பட்டு, வரிகள் நீண்டு, படிக்கச் சிரமமானது. எனவே வரிசையை நம்பும் வடிவத்தையே வைத்துக்கொண்டு, கடுமையான நிலை முதலில் என்ற ஒழுங்கைப் பின்பற்றினோம். முறிந்து நிற்பதையும் ஏற்கவில்லை: ஒரு பெட்டியின் புரியாத அளவுக்காக மற்றப் பெட்டிகளின் கண்காணிப்பு நிற்பது சரியல்ல. “வகைப்படாதது” வந்தால் உறைநிலைக்கு நிகரான அழைப்பு போகும்.

அது வெறும் அலங்காரம் அல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. எல்லை எண்களை அமைப்புக் கோப்புக்கு மாற்றி, −25 முதல் −15 வரை வைக்க வேண்டிய உறைபெட்டிகளுக்கும் இதே செயற்கூற்றைப் பயன்படுத்த முயன்றபோது, “சரி”யின் மேல் எல்லையை மாற்றியவர் “வெப்ப மிகை”யின் எல்லையை மாற்ற மறந்தார். −15-க்கும் 8-க்கும் இடையே திறந்த பெரிய இடைவெளி, சோதனைச் சூழலில் “வகைப்படாதது” என்ற சொல்லாகத் திரையில் வந்து விழுந்தது. பழைய நிரலாக இருந்திருந்தால் 5 டிகிரியில் உருகிக்கொண்டிருக்கும் உறைபெட்டிக்குச் “சரி” கிடைத்திருக்கும். அதன் பிறகு ஒரே எல்லை எண்ணை இரு கிளைகளும் பகிரும்படி கோப்பை மாற்றினோம்.

சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வோர் எல்லைக்கும் மூன்று மதிப்புகள்: −0.51, −0.5, −0.49, 1.99, 2, 2.01, 7.99, 8, 8.01. அவற்றோடு விடுபட்ட அளவு, −127, 85, முடிவிலி. இவற்றை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, கோவை தரக்கூடிய ஒவ்வொரு நிலையும், “வகைப்படாதது” நீங்கலாக, சோதனைத் தொகுப்பில் ஒருமுறையாவது வந்திருக்கிறதா என்று எண்ணும் சிறு சோதனை. அது முதல் நாளே இருந்திருந்தால் புதைந்து கிடந்த “உறைநிலை”க் கிளை அன்றே வெளிப்பட்டிருக்கும். திரையில் 8.0 என்று காட்டிவிட்டு “வெப்ப மிகை” என்று சொல்லும் முரணுக்குக் காரணம் 8.04 போன்ற அளவுகளைச் சுருக்கிக் காட்டியதே. வகைப்படுத்தல் மூல அளவின் மீதே நடக்கும், திரை இரண்டு தசம இடங்களைக் காட்டும் என்று தீர்த்தோம்.

எஸ்கியூஎல் பக்கத்தில் விடுபட்ட அளவைப் பிடிக்க ஒருவர் கேஸின் சுருக்க வடிவில், அளவு “நல்” ஆக இருக்கும்போது என்று எழுதியிருந்தார். அந்த வடிவம் சமன்பாட்டால் ஒப்பிடுவதால் வெற்று மதிப்பு வெற்று மதிப்போடும் பொருந்தாது. நிபந்தனையை முழுதாக எழுதும் வடிவில், இஸ் நல் என்று கேட்பதே வழி.

புதிய நிரல் இயங்கத் தொடங்கிய பின், கம்பி கழன்ற பெட்டியைத் தவிர வேறு சில பெட்டிகளிலும் அவ்வப்போது “அளவு இல்லை” என்று வரத் தொடங்கியது. அவை புதிதாகக் கெட்டவை அல்ல. மூல அளவுகள் தரவுத்தளத்தில் அழியாமல் இருந்ததால், புதிய கோவையைப் பழைய வரிகள் மீதும் ஓட்டினோம். முன்பு “சரி” என்று பதிவானவற்றுள் அளவே இல்லாதவை எவை, “குளிர் மிகை” என்று பதிவானவற்றுள் உறைநிலையில் இருந்தவை எவை என்று தனி நெடுவரிசையில் எழுதி வைத்தோம். பழைய நிலையைக் குறித்த நெடுவரிசையை அழிக்கவில்லை. அன்றைய திரை அந்தந்த நேரத்தில் எதைக் காட்டியது என்பதற்கு அதுவே பதிவு. உறைநிலை என்று மறுவகைப்பட்ட பெட்டிகளின் பட்டியல், 60 நிமிடக் கணக்கோடு சேர்த்து, மருந்துகளுக்குப் பொறுப்பானவர்களிடம் அன்றே ஒப்படைக்கப்பட்டது.